கைப்பிடி நின்ற இடம்

முதல் மூன்று இரும்புத் தட்டுகளும் கணீர் கணீரென்று அடி வாங்கிச் சாய்ந்தன. நான்காவது தட்டுக்கு ஆர்டிஸ் விசையை இழுத்தபோது வெடிச் சத்தம் வரவில்லை. நமுத்துப்போன பட்டாசு மாதிரி ‘புஸ்’ என்று மட்டும் கேட்டது.

“நிறுத்து! விரலை வெளியே எடு!”

டுவேன் போட்ட கூச்சலில், பின்னால் காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள்கூடக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்கள். டுவேன்தான் எங்கள் டோர்வல் துப்பாக்கி கிளப்பின் போட்டிகளை நடத்துகிறவன். அன்று நேரம் குறிக்கும் கருவியோடு ஆர்டிஸின் தோளருகே நின்றிருந்தான். அவன் அங்கே நின்றதால்தான் அவள் பிழைத்தாள். கைப்பழக்கத்தில் அவள் விரல் அடுத்த இழுப்புக்கு மடங்கத் தொடங்கியிருந்தது.

அறுபத்தொரு வயது ஆர்டிஸுக்கு. வாரத்தில் ஐந்து நாள் பள்ளிக்கூட பஸ் ஓட்டுவாள், ஞாயிற்றுக்கிழமை தட்டு சுடுவாள். இரண்டிலும் அவளுக்கு முன்னால் எவனும் போனதில்லை. அப்படிப்பட்டவள் கையிலிருந்த துப்பாக்கியை டுவேன் வாங்கி, காலி செய்து, பித்தளைக் கம்பியைக் குழலுக்குள் விட்டான். கம்பி பாதி வழியில் நின்றுவிட்டது.

குண்டு குழலுக்கு நடுவே சிக்கிக்கொண்டிருந்தது. தோட்டாவுக்குள் வெடிமருந்தே இல்லை. அடியிலிருக்கும் பிரைமரின் சின்னப் பொறி மட்டும் குண்டைக் கொஞ்ச தூரம் தள்ளிவிட்டு ஓய்ந்துபோயிருக்கிறது. அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டிருந்தால் குழல் அவள் கையிலேயே பிளந்திருக்கும்.

சுத்தியலால் நாலு தட்டு தட்டியதும் குண்டு டுவேனின் உள்ளங்கையில் விழுந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை. அங்கிருந்த முப்பது பேரும் கயிற்றுக்குப் பின்னால் நின்றிருந்த ஹால்வரைத்தான் பார்த்தார்கள். ஹால்வர் ஆர்டிஸின் புருஷன். இருபத்தாறு வருஷமாக அவள் சுட்ட ஒவ்வொரு தோட்டாவையும் அடைத்துக் கொடுத்தவன்.

எங்கள் கிளப்பில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. எழுதாத சட்டம் என்ன, டுவேனே கிளப் வீட்டுப் பலகையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தான்: ‘பல் துலக்கும் பிரஷ்ஷையும் தோட்டாவையும் அடுத்தவனிடம் வாங்காதே.’ சுட்ட தோட்டாக்களின் பித்தளைக் கூடுகளைப் பொறுக்கி, கழுவி, மறுபடி மருந்தும் குண்டும் வைத்து வீட்டிலேயே அடைக்கிறவர்கள் நாங்கள். நம் தோட்டாவை நாம் சுடுவோம். நம் வீட்டு ஆள் அடைத்ததைச் சுடுவோம். வெளியாள் அடைத்ததைத் துப்பாக்கியில் போடுவது உயிரைத் தூக்கி அவன் கையில் கொடுப்பது. ஹால்வர் கையில் ஆர்டிஸ் அதைத்தான் கொடுத்திருந்தாள்.

டுவேன் தன் பெட்டியைத் திறந்தான்.

“இந்தா ஆர்டி, என்னோடதை எடுத்துக்கோ. மிச்சத்தை இதுல சுட்டு முடிச்சுடு.”

நல்ல மனசோடுதான் சொன்னான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்தப் பலகையை எழுதியவனே அப்படிச் சொன்னது ஹால்வரின் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. டுவேனுக்கும் வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் புரிந்தது. முகம் சிவந்துவிட்டான்.

“எனக்கு இன்னிக்குப் போதும்ப்பா,” என்று சொல்லி, ஆர்டிஸ் துப்பாக்கியைப் பையில் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

மறுநாள் அவள் பஸ்ஸை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்தபோது, நிலவறையில் ஹால்வர் தோட்டா அடைக்கும் பழைய பிரஸ் மேஜையில் இல்லை. ஒவ்வொரு தோட்டாவாக, ஒவ்வொரு வேலையாகச் செய்யும் பச்சை நிற இரும்பு அது. இருபத்தாறு வருஷமாக அது அசைந்ததில்லை. இப்போது திருகாணி போட்டிருந்த நாலு ஓட்டைகள்தான் பல்லிளித்தன. அதைச் சாக்கில் சுற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டு வந்து, ஹால்வர் சமையலறையில் உட்கார்ந்திருந்தான்.

“இனிமே என் கையால உனக்கு ஒரு தோட்டா கிடையாது,” என்றான்.

“ஜூலையில பில்லிங்ஸ் ஊர்ல பெரிய போட்டி இருக்கு. வாரத்துக்கு முன்னூறு சுடாம நான் அங்க போய் என்ன பண்ணுறது? ஊறுகாய் போடவா?”

“கடையில வாங்கிக்கோ.”

“கடைத் தோட்டா என் துப்பாக்கிக்கு ஒத்துவராதுன்னு இருபத்தாறு வருஷமா ஓதினவன் யாருடா?”

 அவன் எழுந்து கோப்பையில் காபி ஊற்றினான். பாதி கோப்பைக்குள் போனது, பாதி மேஜையில் ஓடியது. அவன் அதைப் பார்த்த மாதிரியே தெரியவில்லை.

ஆர்டிஸ் பார்த்துவிட்டாள். உடனே நிலவறைக்கு இறங்கினாள். வேலை மேஜையைச் சுற்றி ஒன்றல்ல, மூன்று விளக்குகள். இழுப்பறையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூதக்கண்ணாடி. ஐம்பது கூடுகளை வரிசையாக நிறுத்தும் மரப்பலகை அங்கேயே கிடந்தது. ஐம்பதிலும் மருந்தைப் போட்டுவிட்டு, பலகையை விளக்கின் கீழ் சாய்த்து, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மருந்து ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று கண்ணால் பார்ப்பான் ஹால்வர். பார்த்த பிறகுதான் குண்டை வைப்பான். அந்தப் பார்வைதான் அவன் காவல்.

மேலே வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

“எந்தக் கண்ணு?”

“ரெண்டும்,” என்றான். “நடுவுல மட்டும். ஓரத்துல எல்லாம் தெரியுது. எதை நேராப் பாக்குறேனோ அதுதான் புகைஞ்சு போகுது. டாக்டர் டிசம்பர்லயே சொல்லிட்டார். அறுத்தெல்லாம் சரி பண்ண முடியாதாம்.”

“டிசம்பரா? இது மே மாசம்!”

“சொன்னா நீ வேற எவன்கிட்டயாவது தோட்டா வாங்கிடுவேன்னு…”

“முட்டாளே! என் கை போயிருக்கும் ஹால்வர். இந்தக் கை!” என்று வலது கையை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். பிறகு அவன் நேராகப் பார்த்தால் தெரியாதே என்று நினைவு வந்து, கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்திக் காட்டினாள். அந்த நகர்த்தலைக் கண்டதும் அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

அவளுக்குக் கோபம் தணிய இரண்டு நாள் ஆயிற்று. கோபம் தணிந்ததும் தெரிந்தது, கவலை பில்லிங்ஸைப் பற்றி இல்லை. ஹால்வர் நிலவறைக்கு இறங்குவதையே விட்டுவிட்டான். ஞாயிற்றுக்கிழமை கிளப்புக்கு வரமாட்டேன் என்றான். தேவாலயத்தில் ஆளைப் பார்த்தால் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினான். ஒரே ஒரு கூட்டில் மருந்து விடுபட்டதற்கு மனுஷன் மொத்தமாகத் தன்னைக் கழித்துக்கட்டிவிட்டான். இவனை மறுபடி அந்த மேஜையில் உட்காரவைக்காவிட்டால் வருஷக் கடைசிக்குள் எனக்குப் புருஷனே இருக்க மாட்டான் என்று அவள் உள்மனசு சொன்னது.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேஜையில் அறிவித்தாள்.

“பிரஸ் வாங்கப் போறோம். புதுசு. ஒரு தடவை கைப்பிடியை இழுத்தா எல்லா வேலையும் ஒண்ணாச் செய்யுமே, அந்த மாதிரி.”

“ஒரு வேலையையே பாக்க முடியல. அஞ்சு வேலையை ஒண்ணாப் பாக்கணுமா? நல்லா இருக்கு உன் நியாயம்.”

“நீ பாக்க வேண்டாம். அது பாக்கட்டும். வண்டியில ஏறு.”

முதலில் போனது டுவேன் வீட்டுக்கு. அவன் கொட்டகையில் இருந்த பிரஸ்ஸை ஆர்டிஸ் அன்றுதான் கிட்டத்தில் பார்த்தாள். அடேயப்பா! வட்டத் தட்டு ஒன்று, அதில் வரிசையாகக் கூடுகள். மோட்டார் உறுமியதும் தட்டு ஒவ்வொரு இடமாக நகர்ந்தது. ஓரிடத்தில் பழைய பிரைமர் வெளியே, அடுத்ததில் புதுசு உள்ளே, அடுத்ததில் மருந்து, அடுத்ததில் குண்டு, கடைசியில் ஓர் அழுத்து. மறுபக்கம் பளபளவென்று தோட்டாக்கள் தொட்டியில் விழுந்துகொண்டே இருந்தன. ஹால்வர் ஒரு வாரம் உட்கார்ந்து செய்வதை இது ஒரு வேளைச் சாப்பாட்டு நேரத்துக்குள் முடித்துவிடும் போலிருந்தது.

“மணிக்கு ஆயிரத்து இருநூறு!” என்றான் டுவேன். அன்றைக்கு நடந்ததை ஈடுகட்டுகிற அவசரத்தில் அவன் வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினான். “மருந்து விடுபட்டா கவலையே இல்ல ஹால். இங்க பாரு, இதுக்குன்னே ஒரு மணி வெச்சிருக்கான்.”

வேண்டுமென்றே மருந்தில்லாத கூடு ஒன்றை நடுவில் வைத்தான். கீச்சென்று மணி அலறியது, ஆர்டிஸுக்குக் காது கூசியது. ஹால்வர் தட்டையே பார்த்துக்கொண்டு அசையாமல் நின்றான்.

“கேட்டுச்சா?” என்றான் டுவேன்.

“எது?”

டுவேன் ஆர்டிஸைப் பார்த்தான். ஆர்டிஸ் தரையைப் பார்த்தாள். முப்பத்துநாலு வருஷம் தானியக் கிடங்கின் இயந்திரங்களுக்கு நடுவே வேலை பார்த்த ஹால்வரின் காது அது. கீச்சுச் சத்தமெல்லாம் அதற்கு எட்டி எத்தனையோ வருஷமாகிவிட்டது.

“ரொம்ப நல்ல மெஷின் டுவேன். ஆனா உன்ன மாதிரியே சத்தம் ஜாஸ்தி,” என்று சொல்லி அவள் புருஷனைக் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

வண்டியில் ஹால்வர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். இருபுறமும் கோதுமை முழங்கால் உயரத்துக்கு வந்திருந்தது.

“கண்ணு போச்சு. காது எப்பவோ போச்சு. என்னை வெச்சுக்கிட்டு நீ என்னதான் பண்ணப் போறே ஆர்டி?”

“கை இருக்குல்ல?”

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். சொன்ன பிறகு அதையே யோசித்துக்கொண்டு ஓட்டினாள். கிடங்கில் அவனைக் கேட்காமல் எவனும் தானியம் ஏற்றும் பெல்ட் ஒன்றைக்கூட நிறுத்த மாட்டான். பெல்ட் சுழலும் பேரிங்கின் மேல் உள்ளங்கையை வைப்பான், கண்ணை மூடுவான், ‘இது சனிக்கிழமை போயிடும்’ என்பான். சனிக்கிழமை அது போகும். அந்தக் கைக்கு டிசம்பரில் எந்த டாக்டரும் ஒன்றும் சொல்லவில்லையே!

மறுநாள் கிரேட் ஃபால்ஸுக்கு வண்டியை விட்டாள். அங்கே லோர்னா என்ற அம்மாள் துப்பாக்கிக் கடை வைத்திருக்கிறாள். எழுபது வயது, வாயில் எப்போதும் புதினா மிட்டாய். கடையின் பின்பக்க மேஜையில் இரண்டு பிரஸ்களைத் திருகி வைத்திருந்தாள், வாங்குகிறவர்கள் இழுத்துப் பார்ப்பதற்கு.

முதலாவது சிவப்பு. தட்டைக் கையால் திருப்ப வேண்டியது. ஹால்வருக்கு அதைப் பார்த்த உடனே பிடித்துவிட்டது.

“இது நமக்குத் தெரிஞ்ச ஜாதி. ஒளிவு மறைவு இல்ல. நானே திருப்பறேன், நானே இழுக்கறேன்.”

“நடுவுல தபால்காரன் வந்து கதவைத் தட்டுறான்,” என்றாள் ஆர்டிஸ். “போய் வாங்கிட்டு வர்றே. தட்டைத் திருப்பினோமா இல்லையான்னு மறந்து போச்சு. இன்னொரு இழுப்பு இழுக்கறே. அதே கூட்டுல ரெண்டாம் தடவை மருந்து விழும். அதைச் சுடப்போறது யாரு?”

ஹால்வர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

“அம்மா சொல்றது சரி,” என்றாள் லோர்னா. “நான் ரெண்டையும் விக்கிறேன், எதை வாங்கினாலும் எனக்கு ஒண்ணுதான். ஆனா நினைப்பு எப்பவும் கூடவே இருக்கிறவங்களுக்குத்தான் சிவப்பு. எனக்கு அது கிடையாது, காலையில செருப்பை ஃப்ரிட்ஜுல வெச்சிருக்கேன்.”

இரண்டாவது நீலம். தட்டு தானாகவே நகரும், ஆனால் மோட்டார் கிடையாது. கையால் இழுத்தால்தான் வேலை. மருந்து விழும் இடத்துக்கு அடுத்த இடத்தில் குட்டையாக ஓர் உருளை இருந்தது. லோர்னா அதைத் தட்டிக் காட்டினாள்.

“இதுக்குள்ள மெல்லிசா ஒரு கம்பி. கூட்டுக்குள்ள இறங்கி மருந்தைத் தொட்டுப் பாக்கும். சரியா இருந்தா விடும். மருந்து இல்லன்னாலோ, ரெண்டு மடங்கா இருந்தாலோ கைப்பிடியைப் பாதியில பூட்டிடும். நீங்க தொங்கினாலும் இறங்காது.”

“மணி அடிக்குமா?” என்று கேட்டாள் ஆர்டிஸ்.

“மணியும் இல்ல, விளக்கும் இல்ல. நின்னுடும், அவ்வளவுதான்.”

ஆர்டிஸ் தன் கழுத்துத் துணியை அவிழ்த்தாள். புருஷனைப் பிடித்துத் திருப்பி, அவன் கண்ணை இறுக்கிக் கட்டினாள். கடையில் மீன் தூண்டில் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் இந்தப் பக்கம் திரும்பினார்கள்.

“என்ன பண்ணுறே, எல்லாரும் பாக்கறாங்க!”

“பாக்கட்டும். அவங்களுக்குக் கண்ணு இருக்கு. நீ இழு.”

இழுத்தான். முதல் நாலைந்து இழுப்பு தயக்கமாக இருந்தது. லோர்னா ஒரு பக்கம் கூடும் ஆர்டிஸ் இன்னொரு பக்கம் குண்டும் வைக்க வைக்க, கை மெல்லத் தாளத்துக்கு வந்தது. கீழே, மேலே, சின்ன அழுத்து. கீழே, மேலே, சின்ன அழுத்து. கிடங்கில் நின்ற பழைய ஹால்வரின் தோள் அசைவதை ஆர்டிஸ் அன்று மறுபடியும் பார்த்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். லோர்னா அவளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, மருந்து விழும் இடத்தைத் தாண்டி வெறும் கூடு ஒன்றைச் சத்தமில்லாமல் நுழைத்தாள்.

கைப்பிடி பாதியில் நின்றது.

“இதுல மருந்து இல்ல,” என்றான் ஹால்வர். உடனே, கட்டின துணிக்குக் கீழே அவன் வாய் விரிந்தது. எத்தனை நாளாயிற்று அந்தச் சிரிப்பைப் பார்த்து!

“பாத்தீங்களா!” என்று லோர்னா கையைத் தட்டி, வெறும் கூட்டை எடுத்துவிட்டாள். “சரி, இழுங்க.”

இழுத்தான். பத்துப் பன்னிரண்டு இழுப்புக்குப் பிறகு, இந்தத் தடவை அவனாகவே நிறுத்தினான்.

“ஏன் நின்னுட்டீங்க? பூட்டலையே?” என்றாள் லோர்னா.

“முதல் இடத்துல இருக்கிற கூட்டை எடுத்துப் பாருங்க. அது வேற ஏதோ. குட்டையா இருக்கு.”

“இருக்காது. எல்லாம் நானே உக்காந்து பொறுக்கினது.”

“எடுத்துப் பாருங்கம்மா.”

எடுத்தாள். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி, இன்னொரு கூட்டுக்குப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தாள். அதே அகலம், அதே பித்தளை, ஆனால் இரண்டு மில்லிமீட்டர் குள்ளம். வேறொரு சின்னத் துப்பாக்கியின் கூடு கலந்து வந்திருக்கிறது. அதை யாரும் வேண்டுமென்று வைக்கவில்லை. எழுபது வயது அனுபவத்தையும் கண்ணாடியையும் தாண்டி வந்த கூடு, கண் கட்டியவன் கையில் மாட்டிக்கொண்டது.

“எப்படிங்க?” லோர்னா மிட்டாயைக் கடிக்க மறந்துவிட்டாள்.

“மத்ததெல்லாம் அழுத்தும்போது கைக்கு ஒரு சொல்லு திருப்பிச் சொல்லுச்சு. இது ஒண்ணுமே சொல்லல.”

தூண்டில்காரர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றிவிட்டான்.  இந்த மனுஷனோடு முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன், இன்னும் இவனை முழுசாகப் பார்க்கவில்லையே என்று ஆர்டிஸுக்கு இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, “நீலத்தைக் கட்டிக் குடுங்க,” என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வேலையைப் பிரித்துக்கொண்டார்கள். தராசும் எண்ணும் எழுத்தும் ஆர்டிஸ் பொறுப்பு. தொடங்கும் முன் பத்து முறை மருந்தை நிறுத்துப் பார்ப்பாள், பிறகு ஐம்பதுக்கு ஒரு தடவை. கூடு பொறுக்குவதும் இழுப்பதும் ஹால்வர் பொறுப்பு. கைப்பிடி பூட்டினால் அவன் வாயைத் திறக்கக்கூட வேண்டாம், அவள் எழுந்து வந்துவிடுவாள். நீல இயந்திரம் சத்தமே இல்லாமல் வேலை செய்தது. பிரைமர் தீர்ந்துபோவதைக்கூட அவன் கட்டைவிரல் முன்கூட்டியே சொன்னது. இவ்வளவு வேலையை ஒரு கைப்பிடிக்குள் அடக்கிய புண்ணியவான் யாரோ, அவனுக்கு ஓர் இனிப்பு அப்பம் சுட்டுக் கொடுக்கலாம் என்று ஆர்டிஸ் தினமும் சொன்னாள்.

முதல் நூறு தோட்டாவை அவள் சுடக் கூடாது என்று ஹால்வர் பிடிவாதம் பிடித்தான். வீட்டுக்குப் பின்னால் மண்மேட்டருகே, “நான் சுடறேன். ஏதாவது ஆச்சுன்னா என்னோட போகட்டும்,” என்றான்.

“உனக்கு மேடே தெரியாது. குறுக்கே போற பசுவைச் சுடுவே. தள்ளி நில்லு.”

நூறும் வெடித்தன. ஒன்றுகூடப் பிசகவில்லை.

ஜூன் கடைசி ஞாயிறு. எங்கள் கிளப்பிலிருந்து பில்லிங்ஸுக்குப் போகும் மூன்று பேர் யார் என்று அன்று தெரிந்துவிடும். ஆர்டிஸ் மல்லுக்கு நின்றுதான் ஹால்வரைக் கிளப்புக்கு இழுத்து வந்தாள்.  ஒருவன் ஹால்வரின் கையைக் குலுக்கினான். இன்னொருவன் ஆர்டிஸ் மேஜையில் வைத்த தோட்டாப் பெட்டியை ஓரக்கண்ணால் பார்த்தான். பெட்டி மேல் சீட்டில் ஆர்டிஸின் பெரிய எழுத்து: ‘ஹால்வர் இழுத்தது, ஆர்டிஸ் பார்த்தது.’

அதே களம், அதே ஐந்து தட்டுகள். டுவேன் தோளருகே நின்றான். ஹால்வர் கயிற்றுக்குப் பின்னால், கயிறு கட்டியிருந்த இரும்புக் கம்பத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றான்.

மூன்று தட்டு சாய்ந்தது. நான்காவதில் அவளுக்குப் பயம் வந்தது.  மே மாதத்து ‘புஸ்’ காதுக்குள் கேட்டது. பிறகு கட்டின துணிக்குக் கீழே விரிந்த அந்தச் சிரிப்பு நினைவு வந்தது. விசையை இழுத்தாள். வெடித்தது. ஐந்தாவதும் வெடித்தது.

திரும்பிப் பார்த்தாள். ஹால்வர் கம்பத்திலிருந்து கையை எடுக்காமலே, “அஞ்சு,” என்றான்.

அன்றைய நாளில் அதைவிடக் குறைந்த நேரத்தில் யாரும் அந்தக் களத்தை முடிக்கவில்லை. கடைசியாகச் சுட வேண்டியது டுவேன். நேரக் கருவியை வேறொருவன் கையில் கொடுத்துவிட்டு, சட்டைப் பையைத் தட்டினான், கால்சட்டைப் பையைத் தட்டினான். நேராகக் கயிற்றண்டை வந்தான்.

“ஹால், என் பெட்டி காலி. பதினஞ்சு தோட்டா குடேன்.”

 ஹால்வருக்குச் சரியாகக் கேட்டதா என்றே சந்தேகம். “என்னது?” என்றான்.

“தோட்டா! பதினஞ்சு!” என்று டுவேன் எல்லோருக்கும் கேட்கக் கத்தினான்.

“பலகையில எழுதினவன் நீதானே?”

“எழுதினவனுக்கு அழிக்கத் தெரியாதா? குடுக்கறியா, இல்ல கால்ல விழணுமா?”

ஹால்வர் ஆர்டிஸ் பக்கம் கையைக் காட்டினான். பிறகு, “அது என் ஒருத்தன் சொத்து இல்ல. அவளையும் கேளு,” என்றான்.

ஆர்டிஸ் பெட்டியைத் திறந்து பதினைந்தை எண்ணி டுவேன் கையில் கொட்டினாள். அவன் ஒன்றையாவது தூக்கிப் பார்த்தானா என்றால், இல்லை. அப்படியே நிரப்பிக்கொண்டு போய் நின்று சுட்டான். பதினைந்தும் வெடித்தன. அத்தனை சுட்டும் ஐந்து தட்டுகளில் இரண்டை விட்டுவிட்டான், அது அவன் சுடும் லட்சணம்.

மேஜையை ஒதுக்கும்போது, டுவேனின் மேல்சட்டை பெஞ்சிலிருந்து நழுவிக் கிடந்தது. எடுத்து வைக்கலாம் என்று ஆர்டிஸ் குனிந்தாள். சட்டைக்கு அடியில் அவன் பை வாயைத் திறந்திருந்தது. உள்ளே இரண்டு தோட்டாப் பெட்டிகள். இரண்டும் நிறைய, ஒன்றைக்கூடத் தொடவில்லை.

அவள் சட்டையை இருந்தபடியே பையின் மேல் போட்டாள். தூரத்தில் டுவேன் இனிப்பு அப்பத்தை வாயில் அடைத்துக்கொண்டு யாரிடமோ உரக்கப் பேசிக்கொண்டிருந்தான். இவ்வளவு சத்தம் போடுகிற மனுஷனுக்குள் இப்படி ஒரு மனசா என்று அவள் அவனைச் சற்று நேரம் பார்த்தாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹால்வர் வாய் மூடவே இல்லை. பில்லிங்ஸுக்கு எத்தனை வேண்டும், எந்தக் குண்டு, என்றைக்குத் தொடங்கலாம் என்று பேசிக்கொண்டே வந்தான். ரயில்பாதையைத் தாண்டியதும் திடீரென்று அவள் பக்கம் திரும்பினான்.

“டுவேனுக்கும் ஒரு பெட்டி போட்டுக் குடுக்கலாமா ஆர்டி? பாவம், தோட்டா இல்லாம நின்னானே.”

“போடு,” என்றாள் ஆர்டிஸ். “ரெண்டு பெட்டியாவே போடு.”